எழுந்து வெளியே வாங்க

"'மஞ்சள் சட்டை அக்கா, எழுந்து வெளியே வாங்க'ன்னு எழுதியிருக்கான் சார். நான் இன்னிக்கு மஞ்சள் சட்டைதான் போட்டிருக்கேன்."

கைபேசியில் அவள் படபடவென்று சொன்னாள். மறுமுனையில் பொதுக்கூட்ட மைக் அலறிக்கொண்டிருந்தது. கட்சிச் செயலாளர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு கத்தினார்.

"எங்கேம்மா எழுதியிருக்கான்?"

"நம்ம இணையதளத்துலதான். வாக்காளர்கள் நேரடியா நம்மகிட்ட பேசட்டும்னு நேத்து ஒரு பெட்டி வச்சோமே, அதுல."

சோம்பிக் கிடந்த தளத்துக்கு உயிர் கொடுத்து, நாலு தொண்டர்களையாவது சேர்க்கத்தான் அவளை வேலைக்கு எடுத்திருந்தார்கள். இன்று அலுவலகமே கூட்டத்துக்குப் போய்விட்டது. மூன்றாவது மாடியில், பட்டப்பகலில், அவள் மட்டும் தனியே.

"எதிர்க்கட்சிக்காரன் வேலையாத்தான் இருக்கும்" என்றார் செயலாளர். "அவனுங்க சின்னத்தோட பேர் எந்த வரியில வந்தாலும் அந்த வரியே காணாமப் போகணும்னு சொன்னேனே, செஞ்சியா?"

"செஞ்சாச்சு சார். அந்த வரி நம்ம கண்ணுக்கே வராது."

"அப்படியும் புகுந்துட்டான் பாரு."

'டிங்' என்றது திரை.

'இன்னும் உட்கார்ந்திருக்கீங்களே. உயிர் மேல ஆசை இல்லையா?'

அவ்வளவுதான். முன்னும் பின்னும் ஒன்றுமில்லை.

முன்பு இந்த வேலையைப் பார்த்தவரை இப்படித்தான் நைச்சியமாகப் பேசி வாசலுக்கு வரவழைத்தார்கள். கையை முறித்துப் போட்டார்கள். இன்னும் கட்டுப் போட்ட கையோடு வீட்டில் கிடக்கிறார் மனுஷர்.

"சார், நான் உட்கார்ந்திருக்கறது அவனுக்கு எப்படித் தெரியுது?"

ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. திரும்பியவளின் கண், திரைக்கு மேலே மினுங்கிய சிவப்புப் புள்ளியில் போய் நின்றது.

"சார்... நாம வேலை செய்யறதை ஜனங்க நேரலையில பார்க்கட்டும்னு ஒரு கேமரா மாட்டினோமே. நாளைக்குத் தலைவர் தொடங்கி வைக்கறதா இருந்ததே. காலையில சோதிச்சுட்டு அணைக்க மறந்துட்டேன். தளத்துக்குள்ள யார் வந்தாலும் நான் தெரிவேன்."

"அணைச்சுடாதே. ஊரே பார்க்கறப்போ எவனும் உன்மேல கை வைக்க மாட்டான். கதவைத் தாழ் போட்டியா?"

"போட்டுட்டேன்."

"கேமரா முன்னாடியே இரு. நாற்காலியைப் பின்னால தள்ளி, பீரோவுல முதுகை ஒட்டி உட்கார். பின்பக்கமா எவனும் வர முடியாது. பசங்களைக் கூட்டிட்டு நான் கிளம்பிட்டேன்."

நாற்காலியைத் தள்ளினாள். இரும்பு பீரோவின் குளிர்ச்சி முதுகில் ஏறியது. உள்ளே முழுக்கத் துண்டறிக்கைகள். இடம் போதாமல் காலையில்தான் அதன் தலைமேலும் நாலு கட்டு ஏற்றிவிட்டுப் போயிருந்தார்கள்.

கிர்ர்ர்...

"படியில யாரோ நடக்கற மாதிரி இருக்கு சார்."

"எத்தனை பேர்?"

"தெரியல."

டிங். 'போகாதீங்கன்னா அங்கேயே போறீங்களே. ரெண்டு நிமிஷம்கூடத் தாங்காது.'

"நான் ரெண்டு நிமிஷம்கூடத் தாங்க மாட்டேனாம் சார்."

"பேச்சுக் குடுத்து இழுத்துப் பிடி. நம்ம கொள்கையை விளக்கு. கேட்டவன் எவனும் முழிச்சிட்டிருந்ததா சரித்திரமே இல்ல."

"இப்பவா சார் தமாஷ்?"

"எனக்கும் நடுங்குதும்மா. அதான் உளர்றேன்."

விசைப்பலகையை மடிக்கு இழுத்துத் தட்டினாள். 'யார் நீங்க?'

'வெல்டருங்க. நேத்துதான் உங்க தளத்துல தொண்டனா பேர் குடுத்தேன். கெஞ்சிக் கேக்கறேன், வெளிய வாங்க.'

"வெல்டராம். நம்ம தொண்டனாம்."

"அதேதான். போன தடவையும் தொண்டன்னு சொல்லித்தான் கூப்பிட்டானுங்க. நம்பிடாதே. கதவைத் திறந்தே, தொலைஞ்சே."

கிர்ர்ர்... இந்த முறை சத்தம் படியில் இல்லை. காதுக்குப் பக்கத்தில். யாரோ அறைக்குள்ளேயே மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதைப்போல. கால்களை நாற்காலிமேல் இழுத்துக்கொண்டு, பீரோவோடு இன்னும் ஒண்டினாள். மேலேயிருந்து ஒரு துண்டறிக்கை மிதந்து வந்து மடியில் விழுந்தது. அதில் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"சார், எவ்வளவு தூரத்துல இருக்கீங்க?"

மைக் இரைச்சல்தான் கேட்டது.

டிங். கண்ணை மூடிக்கொள்ள நினைத்தாள். முடியவில்லை.

'எத்தனை தடவை அடிச்சாலும் அந்தப் பேரை மட்டும் உங்க தளம் முழுங்கிடுது, ஏன்னு இப்பதான் புரிஞ்சுது. உங்க எதிர்க்கட்சியோட சின்னம் உங்க முதுகுக்குப் பின்னாலயே நிக்குது அக்கா, அதோட முன்கால் ரெண்டும் மடங்கிடுச்சு, ஓடுங்க.'

அவள் கதவருகே போய் விழவும், ஆள் உயர பீரோ நாற்காலியை நசுக்கிக்கொண்டு குப்புறச் சாயவும் சரியாக இருந்தது.