வேலியோரத்துக்கு ஒரு கொடி

சுப்பையன் அன்னாசிக் கன்றைக் காலால் ஒதுக்கினான்.

"இது வேணாம் புள்ள. பழுத்தா வாசம் அந்தப் பக்கம் போகும்."

குந்தியிருந்த பூங்காவனம் நிமிர்ந்து புருஷனைப் பார்த்தாள். வாசத்தைக்கூடவா விட மாட்டான்?

காஜா பேராங் பகுதியில் இருந்த அந்த ஒரே வாடகை வீட்டின் நடுவே பலகை அடித்து, கொல்லையைத் தகர வேலியால் இரண்டாக்கி இருபது நாள் ஆகிறது. இந்தப் பக்கம் அவர்கள் இருவர். அந்தப் பக்கம் தம்பி கருணாகரனும் அவன் பெண்டாட்டி மல்லிகாவும்.

பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த ரப்பர் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றுவிட்டார்கள் என்று தம்பி பெட்டியோடு வந்து நின்றான். வேலையாட்களை மேய்க்கும் மண்டோரிடம் கையைக் கட்டி நின்று, தான் பார்க்கும் அதே ரோட்டு வேலையை அவனுக்கும் வாங்கிக் கொடுத்தான் சுப்பையன். பதினோராவது நாள், அத்தனை ஆள் முன்னாலும் தார் வாளியை வீசிவிட்டு வந்துவிட்டான் தம்பி.

அன்று எழுந்ததுதான் வேலி. அதைத் தாண்டி ஒரு கீரைத் தண்டு போகக் கூடாது என்று உத்தரவு.

மெர்டேக்கா என்று சுதந்திரம் வந்து ஒரு வருஷம் நிறைவதற்கு ஊர் தோரணம் கட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கத்து அடுப்பு ஒரு வேளைதான் புகைந்தது. மல்லிகாவுக்கு ஐந்து மாதம்.

பூங்காவனம் புகையைப் பார்த்துப் பார்த்தே களைத்துப்போனாள். எதிர்த்துச் சண்டை போடவும் தெம்பில்லை. வேலியோரம் சும்மா கிடக்கிறதே, ஏதாவது ஊன்றலாம் என்று சுப்பையன் சொன்னபோது சரி என்றாள்.

பப்பாளிக் கன்றைக் காட்டினாள்.

"நெட்டையா வளந்து அங்கிட்டு சாயும். வேணாம்."

பாகல் விதையை நீட்டினாள். நிழலிலும் எப்படியோ பிழைத்துக்கொள்ளும். வாரத்தில் மூன்று நாள் பாகற்காய்ப் பொரியல் கேட்கிற ஆள், உள்ளங்கையை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

"வேணாம்னா வேணாம்."

பிறகு அவனே சட்டைப் பையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தான். ஜாலான் பெண்டஹாராக் கடைத்தெருவில் வாங்கியது. உள்ளே அவரை விதை.

அவளுக்குச் சலிப்பாக வந்தது.

"ஏங்க, இந்தப் பக்கம் பூரா நிழலு. அவரை வெயிலத் தேடி ஏறிப் போயிரும். காயெல்லாம் அவங்க பக்கம்ல தொங்கும்?"

சுப்பையன் நகக்கண்ணில் இருந்த தாரைச் சுரண்டினான்.

"கொடி போற போக்குக்கு நான் என்னா பண்ண முடியும்?"

சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் குழாயடிக்குப் போனான்.

பூங்காவனம் பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவன் வேண்டாம் என்றவை பக்கத்தில் கிடந்தன. அன்னாசி. பப்பாளி. பாகல்.

இதே மூன்றைத்தான், இதே வரிசையில், மாசமாக இருந்தபோது மாமியார் அவளுக்கும் தின்னக் கூடாதென்று தடுத்திருந்தாள். மூன்று தரம் தடுத்தாள். மூன்று தரமும் தங்கவில்லை. அப்போதெல்லாம் சுப்பையன் ஒரு மூலையில் குனிந்து சோறு தின்றுகொண்டிருப்பான். பெண்கள் பேச்சு அவன் காதில் விழுந்ததாகவே அவள் நினைத்ததில்லை.

அன்னாசி பழுக்க ஒன்றரை வருஷம் ஆகும். அதற்குள் மல்லிகாவின் பிள்ளை எழுந்து நடக்கும்.

அது அவனுக்குத் தெரியவில்லை. அவள் சொல்லப்போவதும் இல்லை.

தகரத்தை ஒட்டி, விரல் போகிற மட்டும் நெருக்கி, அவள் முதல் விதையை ஊன்றினாள்.