பெட்டியின் முன்மூலை

அமிர்தராஜின் வலது கணுக்கால் பொள்ளாச்சித் தேங்காய் பருமனுக்கு வீங்கியிருக்கிறது. நேற்று சர்ச் படியில் பிசகிய காலுக்கு ஐஸ் ஒத்தி, கிரேப் பேண்டேஜ் சுற்றித் தலையணைமேல் தூக்கி வைத்திருக்கிறாள் மனைவி ரூத். எதிர்வீட்டு வாசலில் அவருடைய நண்பர் சவரிமுத்துவின் சவப்பெட்டியை மூடுகிறார்கள். ஆணியடிக்கும் சத்தம் போத்தனூர் வரைக்கும் கேட்கிறது. "ஏனுங்க, காலை ஊனுனா இன்னும் கெட்டுப்போயிரும்னு டாக்டர் சொன்னாருல்லங்க?" என்கிறாள் ரூத். "முப்பது வருசம் என்னைப் பின்னாடி உக்கார வெச்சு மில்லுக்கு சைக்கிள் மிதிச்சவன் அம்மணி. இன்னைக்கு நான் தூக்கோணும்." எழுந்து போய் முன்மூலைக்குத் தோள் கொடுக்கிறார். வலது காலை ஊன்றும்போதெல்லாம் பெட்டி சாய்கிறது. பக்கத்தில் சுமப்பவர் தானும் அதே காலில் தாழ்ந்து நடக்கிறார். பிறகு பின்னால் வரும் நால்வரும். பெட்டி சமமாகிறது. பாதிரியார் முதல் பேண்டுக்காரர் வரை, வெயிலில் அந்தத் தெருவே நொண்டிக்கொண்டு போகிறது.