கடல் வரை நீண்ட வரிசை

சதக்கு காக்காவின் இதயத்தில் பன்றி வால்வைப் பொருத்தினார்கள். உயிருக்கு ஆபத்தென்றால் மார்க்கத்தில் அது கூடும் என்று இமாமே சொல்லியும் அவருக்கு மனம் ஒப்பவில்லை. தொழுகை வரிசையில் எங்களைவிட்டு ஒரு முழம் தள்ளி நின்றார்.

"இடைவெளி விடாதீங்க" என்றார் இமாம். நாங்கள் அவர் பக்கம் நகர்ந்தோம். அவர் விலகினார். மறுபடியும் நகர்ந்தோம். இப்படியே வரிசை வாசலைக் கடந்து, மீன்கடையைக் கடந்து கடற்கரைக்கே போய்விட்டது.

"என்னைய விட்டுருங்கப்பா, எனக்குள்ள அது இருக்கு!"

"இருக்கட்டும் காக்கா, நில்லுங்க. எங்களுக்குக் கால் வலிக்குது."

முழங்கால் அளவு தண்ணீரில் அவர் நின்றார். நான் தோளோடு தோள் ஒட்டினேன். பள்ளிவாசலிலிருந்து, தொழுகையைத் தொடங்கும் இமாமின் "அல்லாஹு அக்பர்" தக்பீர் கேட்டது. காக்கா மெல்லக் கைகளை உயர்த்தினார்.