அரை மணி நேரச் சோகம்

"அரை மணி நேரம், வெறும் அரை மணி நேரம் சோகமா இருன்னா அதுகூட உன்னால முடியாதா?"

தலையில் அடித்துக்கொண்டார் ஸ்டோர்கீப்பர். மனைவி ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். நீச்சல் வகுப்பிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். நாற்பத்தாறு வயதில் நீச்சல்!

"எனக்கு நடிப்பு வராதுங்க. சிரிப்புதான் வரும்."

"வரும், வரும். நாலு மணிக்கு மேனேஜரம்மா வர்றாங்க. நீ பல்லைக் காட்டினா என் மானம் கப்பலேறிடும்!"

விஷயம் இதுதான். கம்பெனியின் நம் நாட்டுக் கிளைக்கே திரும்ப மாற்றல் கேட்டு அவர் மனு எழுதியிருந்தார். 'இந்த நாடு என் மனைவிக்கு ஒத்துக்கொள்ளவில்லை. சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, தினமும் அழுகிறாள்.' மேனேஜரம்மாவுக்கு இளகிய மனசு. "நானே வீட்டுக்கு வந்து அவங்களைப் பார்த்துட்டு முடிவு பண்றேன்" என்று சொல்லிவிட்டார். இந்தத் தடவை கிடைக்காவிட்டால் இன்னும் மூன்று வருடம் இங்கேதான்.

இவளோ வந்த எட்டு மாதத்தில் ஊரையே வளைத்துப் போட்டிருந்தாள். இவளைக் கண்டால் பஸ் டிரைவர் நிறுத்தம் இல்லாத இடத்தில்கூட நிறுத்துகிறார். மாடிவீட்டுக்காரி வெளியூர் போனால் பூனை இவளிடம்தான். இரண்டு வருடமாக இங்கே இருக்கும் அவருக்கு லிஃப்டில் தலையாட்டக்கூட ஒரு ஆள் கிடையாது. கட்டடத்தில் அவர் பெயரே 'அந்தம்மா வீட்டுக்காரர்' என்றாகிவிட்டது.

"சரி, அழ வேண்டாம். உம்முன்னாவது இரு. ஏதாவது கேட்டா ஒரு பெருமூச்சு விடு."

"விட்டுட்டாப் போச்சு."

சொன்னபடியே, மேனேஜரம்மா வந்து உட்கார்ந்ததும் அவள் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். ஸ்டோர்கீப்பருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த நேரம் பார்த்துத்தானா அழைப்பு மணி அடிக்க வேண்டும்? வாசலில் மாடிவீட்டுக்காரி, இடுப்பில் பூனை. பின்னாலேயே நீச்சல் வகுப்புக் கூட்டாளிகள் இரண்டு பேர். முதல் தேர்வில் அவள் தேறிவிட்டாளாம், அதற்கு ஒரு பூங்கொத்து வேறு. வீடே கலகலத்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மேனேஜரம்மா அவரைப் பார்த்தார். அவர் பூனையைப் பார்த்தார்.

வந்தவர்கள் போனதும் மேனேஜரம்மா எழுந்தார். "உங்க கையால ஒரு டீ கிடைக்குமா?" என்று கேட்டபடி அவள் பின்னாலேயே சமையலறைக்குள் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

கால் மணி நேரம் ஆயிற்று. தாழ்ந்த குரலில் பேச்சு மட்டும் கேட்டது. போச்சு, எல்லாம் போச்சு! பொய் மனு கொடுத்ததற்கு வேலையே போனாலும் போகும். அவர் கூடத்தில் குட்டி போட்ட பூனையாய் அலைந்தார்.

வெளியே வந்த மேனேஜரம்மா அவர் தோளைத் தட்டினார். "மாற்றல் கொடுத்தாச்சு. அடுத்த மாசமே கிளம்பலாம்."

மேனேஜரம்மா படியிறங்கியதுதான் தாமதம், அவர் மனைவி மேல் பாய்ந்தார். "அடிப்பாவி! உள்ளே போய் அழுதுட்டியா? இந்த நடிப்பைத்தானே நான் காலையிலேருந்து கேட்டேன்? அதுக்குள்ள மனுஷன் உயிரை வாங்கிட்டியே!"

"நான் அழவும் இல்ல, நடிக்கவும் இல்லைங்க." எட்டு மாதத்தில் முதன்முறையாக அவள் சிரிக்காமல் பேசினாள். "மனுவுல இருக்கறதெல்லாம் சத்தியம்தான், ஆளை மட்டும்தான் மாத்தி எழுதிட்டார்னு சொன்னேன். தினமும் காலையில ஷவரைத் திறந்துவிட்டுட்டு நீங்க அழறது எனக்குக் கேட்காதுன்னா நினைச்சீங்க?"