பல்லிக்குப் பயந்தவள்

"மாமா! பல்லி! சீக்கிரம் வாங்க!"

கூடத்தில் விளக்கைப் போட்டதும் மருமகள் எழுப்பிய கூச்சலில், வெளியூரிலிருந்து அன்றுதான் வந்திருந்த பெரியவரின் மகள் கையிலிருந்த தேநீரைச் சிந்திவிட்டாள்.

அம்மா மறைந்தபின் அப்பா அறையைவிட்டு வெளியே வருவதில்லை, தட்டு பாதியோடு திரும்பிவிடுகிறது என்று போன மாதம் தம்பி தொலைபேசியில் அழுதிருந்தான். இப்போதுதான் அவளுக்கு விடுப்புக் கிடைத்தது.

உள்ளறைக் கதவு திறந்தது. பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பெரியவர், ஒரு கையில் ஒட்டடைக் கம்பும் மறுகையில் முழங்காலுமாக வந்தார்.

"எங்கம்மா அவன்?"

"டியூப்லைட் பக்கத்துல மாமா!"

"டேய், இங்க நிறுத்தக் கூடாது. வண்டியை எடு!"

கம்பால் சுவரைத் தட்டினார். பல்லியோ, படைத்தவன் தனக்கென அளந்த பங்கைப் பெற்றுக்கொள்வதுபோல் நிதானமாக ஒரு பூச்சியை விழுங்கிவிட்டு, சுவர்க்கடிகாரத்தின் பின்னே சென்று மறைந்தது.

"பகல்லாம் அங்கதான் தூக்கம்," என்று மகளிடம் விளக்கியபடியே நாற்காலியில் அமர்ந்தார். "லைட்டைப் போட்டா பூச்சி வரும், பின்னாலயே துரையும் வருவார். யாராவது பிடிச்சா வாலைக் கழட்டிக் குடுத்துட்டு ஓடிடுவார். இப்பப் புது வால் முளைச்சிருக்கு, பார்த்தியா, குட்டையா!"

மருமகள் சாப்பாட்டை அங்கேயே கொண்டுவந்து வைத்தாள். பேச்சோடு பேச்சாகத் தட்டு காலியாயிற்று.

அவர் கை கழுவச் சென்றதும் மகள் சீறினாள்.

"தினமும் இதே கூத்தா? அவர் முழங்கால் இருக்கிற இருப்புல, ஓட ஓட விரட்டுறியே! ஒரு பல்லிக்கு இவ்வளவு பயமா?"

"என்ன பண்றது அண்ணி, பார்த்தாலே உடம்பு கூசுது."

மறுநாள் பொழுது சாயும் வேளை. தூறல் விழவே, சன்னலை அடைக்க மருமகள் வந்தாள். கதவிடுக்கில் பல்லி. சுற்றுமுற்றும் பார்த்தாள். வெறுங்கையால் அதைப் பொத்தி எடுத்துக் கடிகாரத்தருகே விட்டாள்.

"அங்க இருந்தா நசுங்கிப் போயிடுவே. லைட் போட்டதும் வந்துடணும், என்ன?"

சமையலறை வாசலில் நின்ற மகளுக்குக் கோபம் தலைக்கேறிற்று. நேராக அப்பாவின் அறைக்குள் நுழைந்தாள்.

"அப்பா, அவ உங்களை ஏமாத்துறா! பல்லியைக் கையாலயே பிடிக்கிறா. பயமும் இல்ல, ஒண்ணும் இல்ல!"

பெரியவர் தலை வாரி, துவைத்த சட்டை அணிந்து, மடியில் ஒட்டடைக் கம்போடு கட்டிலின் ஓரத்தில் தயாராக அமர்ந்திருந்தார்.

கூடத்தில் விளக்கு எரிந்தது.

"மாமா! பல்லி!"

"இதோ வந்துட்டேம்மா!" என்று உரக்கக் குரல் கொடுத்தபடி எழுந்தவர், மகளின் காதருகே குனிந்தார்.

"மெதுவாப் பேசு. அது எனக்கு எப்பவோ தெரியும். எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரிஞ்சா, நாளைக்குக் கூப்பிட மாட்டா."