தராசு பொய் சொல்லாது

"ரெண்டு பேரு சேந்து தூக்கி ஏத்துங்கலே, பய விழுந்துருவான்" என்றார் வேதமாணிக்கம்.

கூலியாட்கள் வந்து சேர்வதற்குள் தேவப்பிரியம் தானே துள்ளித் தராசுத் தட்டில் உட்கார்ந்துவிட்டான். சங்கிலிகூட அதிகம் ஆடவில்லை.

ராயபுரத்தில் மிளகாய், புளி மண்டி வைத்திருக்கும் வேதமாணிக்கத்துக்கு இவன் ஒரே மகன். யுத்தப் பஞ்சத்தில் ஊரே காய்ந்தபோதும் உப்பிக்கொண்டே வளர்ந்த பையன். பத்து வயதாகியும் ஓடினால் அவன் காலே அவனைத் தட்டிவிடும். பந்தை எறிந்தால் மூக்கால் பிடிப்பான். சட்டைப் பொத்தானை அம்மாதான் போட வேண்டும். அந்த அம்மா சுகிர்தத்துக்கோ, பிள்ளை வாய் சும்மா இருந்தால் மனசு கேட்காது, அல்வாவோடு வந்து நிற்பாள்.

கிறிஸ்துமஸ் முடிந்து சரக்கு வந்து இறங்கிய ஒருநாள், பின்கட்டுக் கிடங்கில் மூட்டையோடு மூட்டையாக மகனையும் எடை போட்டார் அப்பா. நாலு மணங்கு, அந்த வயசுக்கு ரெண்டு பிள்ளை எடை. ஈஸ்டருக்குள் குறையாவிட்டால் பாளையங்கோட்டை போர்டிங்கில் தள்ளிவிடுவேன் என்று சொல்லிவிட்டார்.

பையன் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு, குப்பத்து மீனவர் தாமோதரன் பொறுப்பேற்றார். அல்வாவுக்குத் தடை. காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் நெத்திலிக் குழம்பு. மணலில் ஓட்டம், கட்டுமரத்தின் மேல் நிற்கப் பழக்கம், வலை வீச்சு. முதல் வாரம் மீனுக்குப் பதில் தாமோதரனையே வலையில் பிடித்தான். இப்போது ஒற்றைக் காலில் நிற்கிறான், வலையை வட்டமாக விரிக்கிறான். "மூட்டை" என்று கூப்பிட்ட பையன்களைத் துரத்திப் பிடித்து நாலு சாத்தினான் என்று பள்ளிக்கூடத்திலிருந்து புகாரே வந்தது. அதைக் கேட்டு சுகிர்தம் ஆனந்தக் கண்ணீர் விட்டாள்.

இதெல்லாம் வேதமாணிக்கத்திடம் எடுபடவில்லை. அவர் கண்ணை நம்பமாட்டார், தராசைத்தான் நம்புவார். அதனால்தான் இன்று கடை வாசலில், வாடிக்கைக்காரர்கள் பார்க்க, மறுபடி எடை போட்டார்.

நாலு மணங்கு, ஒரு வீசை. குறைவதாவது, ஏறியிருந்தது.

தாமோதரன் பதறிப்போனார். "இன்னா மொதலாளி இது? புள்ளைக்கு நிஜாரு இடுப்புல நிக்கமாட்டேங்குது. கவுறு போட்டுக் கட்டிகினு கீறான், பாரு."

"நிஜார்க் கதையெல்லாம் எங்கிட்ட வேண்டாம்" என்றார் வேதமாணிக்கம். "முப்பது வருசமா யாவாரம் பண்ணுதேன். என் தராசு பொய் சொல்லாது வே."

மாதாமாதம் அங்கேயே மிளகாய் வாங்கும் ஓட்டல்காரர் கமாலுதீன், அது வாஸ்தவம்தான் என்று தலையாட்டினார்.

"சுகிர்தம், பயலுக்குப் பெட்டியக் கட்டு" என்று உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார் வேதமாணிக்கம்.

தேவப்பிரியம் தராசுச் சங்கிலியை இறுகப் பிடித்துக்கொண்டான். கடல் போய்விடும், கட்டுமரம் போய்விடும், தாமோதரன் மாமாவும் போய்விடுவார். தட்டிலிருந்து குதித்து இறங்கியவன், தராசை அண்ணாந்து பார்த்தான். பிறகு பின்கட்டைப் பார்த்தான். சட்டென்று முகம் மலர்ந்தது.

"அப்பா, அன்னைக்கு என்னைய எடை போட்டது நீங்க சரக்கு வாங்குற தராசுலல்லா?" என்றான், கடை முழுக்கக் கேட்கும்படி. "இது நீங்க விக்கிற தராசு."