எழும்பாத ஏரம்பு

முற்றவெளி மைதானத்தில் பந்தாட்டம் தொடங்குமுன் பாண்டு வாத்தியக்காரர் இங்கிலாந்து மன்னரின் வாழ்த்துப் பாட்டை வாசித்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள். புல்லில் இருந்த புகையிலை பயிரிடும் கமக்காரர் ஏரம்பு மட்டும் எழும்பவில்லை.

“எழும்பும் காணும்! ராசாவுக்கு மரியாதை தெரியாதோ?” பக்கத்தில் விறைத்து நின்ற, உறுதி எழுதும் நொத்தாரிசு கனகசபை சீறினார்.

“எழும்பாதேங்கோ அண்ணை! நீங்கள்தான் உண்மையான தேசபக்தன்,” என்றார் மறுபக்கத்தில் இருந்த கதர்ச்சட்டை வாத்தியார் ஒருவர், தானும் நின்றபடியே.

“ஐயா, நான்...” என்று ஏரம்பு தொடங்கினார்.

“வாயைப் பொத்தும்!” என்றார் நொத்தாரிசு.

பாட்டு முடிந்தது. ஆட்டம் தொடங்கி முதல் கோலும் விழுந்தது. அதைக்கூடப் பார்க்காமல் இருவரும் ஏரம்புவைப் பற்றிச் சண்டை பிடித்தார்கள்.

கடைசியில் வாத்தியார், “அவரையே கேப்பம். ஏன் அண்ணை எழும்பேல்லை?” என்றார்.

“எழும்பத்தான் பாத்தனான் தம்பி. நொத்தாரிசு ஐயாவின்ரை சப்பாத்துக் கால் இன்னும் என்ரை வேட்டியிலை நிக்குது. எழும்பியிருந்தால், அவரின்ரை ராசாவுக்கு நான் கோவணத்தோடையெல்லோ மரியாதை குடுத்திருப்பன்!”